மலைகளின் காவலர் ஜான் மியூர்

ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் யொசெமிட்டி என்னும் பள்ளத்தாக்கு உள்ளது. அதன் இருபுறமும் கருங்கற் பாறைகள் நெட்டுக்குத்தாக எழுந்து நிற்கின்றன. அவற்றுள் ஒன்றான எல் கேப்பிட்டன் பாறை, பள்ளத்தாக்கின் தரையிலிருந்து 900 மீட்டருக்கும் மேல் உயர்ந்தது. மூன்று கட்டங்களாகப் பாய்ந்து விழும் யொசெமிட்டி அருவியின் மொத்த உயரம் 739 மீட்டர். இக்காட்சிகளைக் காணப் பெரும்பாலான ஆண்டுகளில் 30 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இங்கு வருகின்றனர். இந்நிலம் எந்தத் தனிமனிதருக்கும் சொந்தமன்று; எந்த நிறுவனமும் இதை விலைக்கு வாங்க முடியாது. இது நாட்டு மக்கள் அனைவருக்கும் உரிய பொதுநிலம்.

ஒரு காட்டையோ மலையையோ எல்லாருக்கும் பொதுவாக வைத்துக் காப்பது இன்று இயல்பான செயலாகத் தோன்றலாம். ஆனால், 150 ஆண்டுகளுக்கு முன்னர் நிலைமை வேறாக இருந்தது. மரம் என்றால் பலகை, புல்வெளி என்றால் மேய்ச்சல், ஆறு என்றால் அணைக்கட்டு என்றே பலரும் கருதிய காலம் அது. அக்காலத்தில், இயற்கை மனிதனின் பயன்பாட்டுக்காக மட்டும் உண்டானதன்று என்று எழுதியும் பேசியும் வாதாடியும் வந்தவர் ஜான் மியூர்.

இளமைப் பருவம்

ஜான் மியூர் 1838ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் ஸ்காட்லாந்தின் கடற்கரை ஊரான டன்பாரில் பிறந்தார். எட்டுப் பிள்ளைகளுள் அவர் மூன்றாமவர். கடலோரப் பாறைகளில் ஏறுவதும் வயல்வெளிகளில் பறவைக் கூடுகளைத் தேடித் திரிவதும் சிறுவன் ஜானுக்கு மிகவும் பிடித்தவை. தந்தை டேனியல் மியூர் கண்டிப்பு மிகுந்தவர். பிள்ளைகள் வேதநூலை மனப்பாடம் செய்யவேண்டும் என்பதில் அவர் விட்டுக்கொடுக்கவே மாட்டார்.

1849ஆம் ஆண்டில் மியூர் குடும்பம் கப்பலேறி அமெரிக்காவின் விஸ்கான்சின் பகுதிக்குக் குடிபெயர்ந்தது. அங்கே ஓர் ஏரிக்கரையில் காட்டைத் திருத்திப் பண்ணை அமைத்தனர். உழுவது, மரம் வெட்டுவது, வேலி கட்டுவது என்று இளம் ஜான் அல்லும் பகலும் உழைத்தார். அந்த உழைப்புக்கு நடுவிலும் ஏரியில் பூத்த அல்லி மலர்களையும் வானை மறைத்துப் பறந்த பயணப் புறாக்களின் பெருங்கூட்டங்களையும் அவர் வியந்து பார்த்தார்.

குடும்பம் அடுத்ததாக வாங்கிய பண்ணையில் தண்ணீர் இல்லை. ஆகவே, கிணறு தோண்டும் வேலை ஜானின் மேல் விழுந்தது. ஏறத்தாழ 3 அடி அகலமே உள்ள குழிக்குள் அமர்ந்து, உளியாலும் சுத்தியலாலும் பாறையைக் கொத்திக் கொத்தி, மாதக் கணக்கில் அவர் தனியாகத் தோண்டினார். 80 அடி ஆழத்தை எட்டியபோது ஒருநாள் குழியின் அடியில் நச்சுக்காற்று தேங்கியிருந்தது. கீழே இறங்கிய ஜான் மயங்கிச் சரியத் தொடங்கினார். நல்லவேளையாக அவரை வாளியில் வைத்து மேலே இழுத்துக் காப்பாற்றினர். உடல் தேறியதும் அவர் மறுபடியும் இறங்கினார். 90 அடியில்தான் தண்ணீர் ஊறியது.

பகலில் படிக்க நேரமில்லை. விடியலுக்கு முன் எழுந்து படித்துக்கொள்ளத் தந்தை அனுமதித்தார். ஜானோ நள்ளிரவு கடந்து ஒரு மணிக்கே எழுந்துவிடுவார். அந்த நேரத்தில் அவர் படித்ததோடு, மரத்தாலேயே கடிகாரங்களையும் செய்தார். குறித்த நேரத்தில் சாய்ந்து, தூங்குபவரை எழுப்பி நிறுத்தும் கட்டில் ஒன்றையும் உருவாக்கினார். 1860ஆம் ஆண்டு மேடிசன் நகரில் நடந்த கண்காட்சியில் அவருடைய கருவிகள் பலரின் பாராட்டைப் பெற்றன. அதன் பின்னர் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த அவர் தாவரவியலையும் நிலவியலையும் விரும்பிக் கற்றார்.

பண்ணையைவிட்டுப் புறப்படும் முன்னர் மியூர் ஒரு விருப்பத்தைத் தெரிவித்தார். ஏரிக்கரைப் புல்வெளியில் ஒரு பகுதியை விலைக்குத் தருமாறு தம் சகோதரியின் கணவரிடம் கேட்டார். பயிரிடுவதற்காக அவர் அதைக் கேட்கவில்லை. மாடுகள் மேயாதபடி வேலியிட்டு, அங்குள்ள பூக்களை அப்படியே விட்டுவைக்க விரும்பினார். அந்த உறவினருக்கு அது வீண் ஆசையாகப் பட்டது. எந்த வேலி போட்டாலும் ஒருநாள் மாடு புகுந்துவிடும் என்று கூறி அவர் மறுத்துவிட்டார். ஒருவரின் வேலியால் மட்டும் ஓர் இடத்தைக் காக்க முடியாது என்னும் உண்மையை மியூர் அன்றே எதிர்கொண்டார்.

இருளும் ஒளியும்

படிப்பை முடிக்காமலேயே பல்கலைக்கழகத்தை விட்ட மியூர், சில ஆண்டுகளுக்குப் பின் இண்டியானாபோலிஸ் நகரில் வண்டி உறுப்புகள் செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்தார். இயந்திரங்களைக் கையாளும் திறமையால் அவருக்கு நல்ல எதிர்காலம் காத்திருந்தது. 1867ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒருநாள், அவர் கையிலிருந்த அரம் நழுவி வலக்கண்ணைக் குத்தியது. சிறிது நேரத்தில் மற்றக் கண்ணும் மங்கியது. இனி மலரையும் மலையையும் காணவே முடியாதோ என்று அவர் கலங்கினார். இருட்டாக்கப்பட்ட அறையில் சில வாரங்கள் படுத்திருந்த பின்னர்ப் பார்வை மெல்லத் திரும்பியது.

அந்த இருண்ட நாள்கள் அவரது வாழ்க்கைப் பாதையை மாற்றின. இயந்திரங்களுக்காக அன்றி, இயற்கையை அறிவதற்காகவே இனி வாழ்வது என்று அவர் உறுதி பூண்டார். அதே ஆண்டு செப்டம்பரில் ஒரு பையில் சில நூல்களையும், செடிகளைப் பதப்படுத்தும் கருவியையும் எடுத்துக்கொண்டு தெற்கு நோக்கிப் புறப்பட்டார். காடு மேடு கடந்து, ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் தொலைவை நடந்து புளோரிடாவின் கடற்கரையை அடைந்தார். அங்கே மலேரியாக் காய்ச்சலால் பல வாரங்கள் அவதியுற்றார்.

அப்பயணத்தில் அவர் மனத்தில் ஓர் எண்ணம் வேரூன்றியது. சதுப்பு நிலத்து முதலையைக் கண்டால் மக்கள் அஞ்சினர், வெறுத்தனர். மனிதனுக்குப் பயன்படாத உயிர்கள் எதற்கு என்றும் கேட்டனர். மியூருக்கு அக்கேள்வியே தவறாகத் தோன்றியது. ஒவ்வோர் உயிரும் தனக்கென வாழவே பிறந்துள்ளது. மனிதனும் அந்தப் பெருங்குடும்பத்தில் ஓர் உறுப்பினன் மட்டுமே என்று அவர் தம் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். அவர் பிற்காலத்தில் நடத்திய போராட்டங்களுக்கெல்லாம் இந்த எண்ணமே அடித்தளமாக அமைந்தது.

மலைகள் கற்பித்த பாடம்

1868ஆம் ஆண்டு மார்ச் மாதம் மியூர் சான் பிரான்சிஸ்கோ நகரில் வந்து இறங்கினார். நகரத்தில் தங்காமல், யொசெமிட்டி நோக்கி நடந்தே சென்றார். மறு ஆண்டு கோடையில், சுமார் 2,000 ஆடுகள் கொண்ட மந்தையுடன் சியாரா நெவாடா மலைத்தொடரின் உயர்ந்த புல்வெளிகளுக்குச் செல்லும் வேலை கிடைத்தது. மலையின் அழகு அவரை மெய்ம்மறக்கச் செய்தது. ஆனால், தாம் அழைத்துச் சென்ற ஆடுகள் அதே மலைக்கு என்ன செய்கின்றன என்பதையும் அவர் கண்ணாரக் கண்டார். மந்தை கடந்துசென்ற இடங்களில் பூவும் இல்லை, புல்லும் இல்லை. வெட்டுக்கிளிக் கூட்டம் புகுந்த வயலைப்போல் அவ்விடங்கள் வெறுமையாகிக் கிடந்தன.

அதன் பின்னர் மியூர் பள்ளத்தாக்கிலேயே தங்கி, ஒரு மர அறுவை ஆலையில் வேலை செய்தார். புயலில் வீழ்ந்த மரங்களைத்தான் அங்கு அறுத்தனர். ஓடைக்கு அருகில் சிறு குடில் ஒன்றைக் கட்டி, ஓடை நீரின் ஒரு பகுதி அறைக்குள்ளேயே ஓடும்படி அமைத்துக்கொண்டார். ஓய்வு கிடைத்தபோதெல்லாம் கொஞ்சம் ரொட்டியும் தேயிலையும் எடுத்துக்கொண்டு மலையேறிவிடுவார். 1874ஆம் ஆண்டில் ஒருமுறை, புயல் வீசும்போது காடு எப்படி அசைகிறது என்பதை அறிய, ஏறத்தாழ 30 மீட்டர் உயர மரமொன்றின் உச்சியில் ஏறிப் பல மணி நேரம் அதனோடு சேர்ந்து ஆடினார்.

யொசெமிட்டி எவ்வாறு உருவானது என்பது அக்காலத்தில் பெரிய கேள்வியாக இருந்தது. பூமி அதிர்ந்து பள்ளத்தாக்கின் தரை கீழே அமிழ்ந்துவிட்டது என்று மாநிலத்தின் தலைமை நிலவியலாளர் ஜோசயா விட்னி கூறிவந்தார். பாறைகளில் ஒரே திசையில் அமைந்த கீறல்களையும், தேய்த்து மெருகேற்றியதுபோன்ற வழவழப்பையும் கண்ட மியூர், பனியாறுகளே பள்ளத்தாக்கைச் செதுக்கின என்று வாதிட்டார். ஆடு மேய்த்தவருக்கு என்ன தெரியும் என்று விட்னி அவரைக் குறைத்து மதிப்பிட்டார். மியூர் அதற்காக மனம் தளரவில்லை. 1871ஆம் ஆண்டில் அம்மலைகளில் உயிரோட்டமுள்ள பனியாறு ஒன்றைக் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டு மெக்லூர் பனியாற்றில் முளைகளை நட்டு, 46 நாள்கள் கழித்துச் சென்று அளந்தார். பனி ஒரு நாளைக்கு ஏறத்தாழ 2.5 சென்டிமீட்டர் நகர்ந்திருந்தது. ஆறுகளும் பனியாறுகளும் சேர்ந்தே அப்பள்ளத்தாக்கை உருவாக்கின என்று பிற்கால ஆய்வாளர்கள் நிறுவினர். பனியாற்றின் பங்கைப் பற்றி மியூர் சொன்னது உண்மையாயிற்று.

எழுத்தால் எழுந்த பூங்கா

1880ஆம் ஆண்டில் மியூர் லூயி ஸ்டிரென்ட்செல் என்னும் பெண்மணியை மணந்தார். அவர்களுக்கு வாண்டா, ஹெலன் என இரண்டு மகள்கள் பிறந்தனர். மார்ட்டினெஸ் என்னும் ஊரில் மாமனாரின் பழத்தோட்டத்தைக் கவனித்துக்கொண்ட மியூர், சில ஆண்டுகளிலேயே நல்ல வருமானம் ஈட்டினார். செல்வம் சேர்ந்தது, ஆனால், அவர் உடல் மெலிந்தது, எழுத்தும் நின்றுபோனது. கணவரின் மனம் எங்கே இருக்கிறது என்பதை லூயி நன்கு அறிந்திருந்தார். தோட்டத்தின் ஒரு பகுதியை விற்றோ குத்தகைக்கு விட்டோவாவது மலைகளுக்குத் திரும்பும்படி அவரே மியூரை ஊக்குவித்தார்.

யொசெமிட்டிப் பள்ளத்தாக்கையும் அதன் தெற்கே உள்ள மாரிபோசா பெருமரத் தோப்பையும் மக்களின் பயனுக்கென 1864ஆம் ஆண்டிலேயே அதிபர் ஆபிரகாம் லிங்கன் கலிபோர்னியா மாநிலத்திடம் ஒப்படைத்திருந்தார். ஆயினும், பள்ளத்தாக்கைச் சூழ்ந்த மலைகளுக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. அங்கே மந்தைகள் மேய்ந்தன, மரங்கள் வெட்டப்பட்டன. மேலே உள்ள காடு அழிந்தால் கீழே உள்ள அருவியும் ஒருநாள் வற்றிவிடும் அன்றோ?

1889ஆம் ஆண்டில், நியூயார்க்கில் வெளிவந்த ஒரு புகழ்பெற்ற இதழின் ஆசிரியரான ராபர்ட் அண்டர்வுட் ஜான்சன் மியூரோடு அம்மலைகளில் கூடாரமடித்துத் தங்கினார். மேய்ச்சலால் பாழான புல்வெளிகளை நேரில் கண்ட ஜான்சன், இதைப்பற்றி எழுதுமாறு மியூரிடம் கேட்டுக்கொண்டார். அடுத்த ஆண்டு மியூரின் இரண்டு கட்டுரைகள் அவ்விதழில் வெளிவந்தன. ஜான்சன் தலைநகருக்குச் சென்று நாடாளுமன்ற உறுப்பினர்களைச் சந்தித்துப் பேசினார். இம்முயற்சிகளின் பயனாக, 1890ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் யொசெமிட்டி தேசியப் பூங்கா சட்டப்படி உருவானது.

சட்டம் இயற்றிவிட்டால் மட்டும் காடு தப்பிவிடாது என்பதை மியூர் அறிந்திருந்தார். அதைக் கண்காணிக்க விழிப்புள்ள குடிமக்கள் வேண்டும். எனவே, 1892ஆம் ஆண்டில் அவரும் நண்பர்களும் சேர்ந்து சியாரா கழகத்தைத் தொடங்கினர். மியூர் அதன் முதல் தலைவரானார். இறுதிவரை அப்பொறுப்பில் இருந்தார். கழகம் மக்களை மலைகளுக்கு அழைத்துச் சென்றது. நேரில் கண்டு நேசித்த இடத்தைத்தான் மக்கள் காக்க முன்வருவார்கள் என்பது அவரது நம்பிக்கை.

அதிபருடன் மூன்று இரவுகள்

1903ஆம் ஆண்டு மே மாதம், அதிபர் தியடோர் ரூசவெல்ட் யொசெமிட்டிக்கு வந்தார். விருந்துகளையும் வரவேற்புகளையும் ஒதுக்கிவிட்டு, மியூருடன் காட்டில் தங்க அவர் விரும்பினார். முதல் இரவில் இருவரும் மாரிபோசா தோப்பின் செக்கோயாப் பெருமரங்களுக்குக் கீழே உறங்கினர். இரண்டாம் இரவில் உயரமான மலைப்பகுதியில் பனி பொழிந்தது. காலையில் போர்வைமேல் படிந்த பனியை உதறியபடி எழுந்த அதிபர் சிறு பிள்ளையைப்போல் மகிழ்ந்தார். மூன்றாம் இரவு பள்ளத்தாக்கின் தரையில் கழிந்தது. தீயின் முன் அமர்ந்து பேசியபோதெல்லாம், காடுகளைக் காக்க அரசு இன்னும் என்ன செய்யவேண்டும் என்பதை மியூர் எடுத்துரைத்தார்.

பள்ளத்தாக்கு மாநிலத்தின் கையிலும் சுற்றியுள்ள மலைகள் மத்திய அரசின் கையிலும் இருந்த நிலை 1906ஆம் ஆண்டில் முடிவுக்கு வந்தது. இரண்டும் ஒரே பூங்காவாக இணைந்தன. ரூசவெல்ட் தம் பதவிக்காலத்தில் 5 தேசியப் பூங்காக்களையும் 18 தேசிய நினைவிடங்களையும் ஏற்படுத்தினார். கிராண்ட் கேன்யன் பெரும்பள்ளத்தாக்கும் அவற்றுள் ஒன்று.

ஹெட்ச் ஹெட்ச்சி: தோல்வியும் பாடமும்

யொசெமிட்டிப் பூங்காவின் எல்லைக்குள்ளேயே, வடக்கில், ஹெட்ச் ஹெட்ச்சி என்னும் மற்றொரு பள்ளத்தாக்கு இருந்தது. துவாலமி ஆறு பாயும் அப்பள்ளத்தாக்கு, யொசெமிட்டியின் தங்கையைப்போல் அழகு வாய்ந்தது. அங்கு அணை கட்டித் தண்ணீர் கொண்டுவர சான் பிரான்சிஸ்கோ நகரம் விரும்பியது. 1906ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் நிலநடுக்கம் அந்நகரைக் குலுக்கியது. குழாய்கள் உடைந்ததால் தீயை அணைக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. நகரின் பெரும்பகுதி எரிந்து சாம்பலானது. அத்துயரத்துக்குப் பின்னர் அணைக்கட்டுக்கு ஆதரவு பெருகியது.

அணையை ஆதரித்தவர்களுள் முக்கியமானவர் கிஃபர்ட் பின்ச்சோ. அவர் நாட்டின் காட்டுத்துறைக்குத் தலைவராக இருந்தவர். ஒரு காலத்தில் மியூரின் நண்பர். இயற்கை வளங்களை வீணாக்காமல், மிகுதியான மக்களுக்கு நெடுங்காலம் பயன்படும்படி கையாளவேண்டும் என்பது அவர் கொள்கை. பல இலட்சம் மக்களின் தாகத்தைத் தீர்க்கும் தண்ணீரைவிட ஒரு புல்வெளி பெரிதா என்று அவர் அணியினர் கேட்டனர். அக்கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. மியூரும் நகரத்துக்குத் தண்ணீர் வேண்டாம் என்று சொல்லவில்லை. தண்ணீர் பெற வேறு இடங்கள் உள்ளன. மக்களுக்கெனச் சட்டத்தால் ஒதுக்கப்பட்ட பூங்காவை ஒருமுறை விட்டுக்கொடுத்தால், நாளை எந்தப் பூங்காவும் நிலைக்காது என்பதே அவர் வாதம்.

இவ்விவாதம் நாட்டை இரண்டாகப் பிரித்தது. சியாரா கழகத்துக்குள்ளேயும் பிளவு ஏற்பட்டது. வில்லியம் கென்ட் என்பவரின் செயல் இதற்கு நல்ல சான்று. அவர் தம் சொந்தப் பணத்தில் வாங்கிய செம்மரக் காடு ஒன்றை நாட்டுக்குக் கொடையாக அளித்து, அதற்கு மியூரின் பெயரைச் சூட்டும்படி கேட்டுக்கொண்டவர். அதே கென்ட், நாடாளுமன்ற உறுப்பினரானபின் ஹெட்ச் ஹெட்ச்சி அணையை ஆதரித்தார். நல்லவர்களுக்கும் தீயவர்களுக்கும் இடையே நடந்த போராட்டமாக இது இல்லை. இரண்டு வகையான பொதுநலன்கள் இங்கே மோதின.

மியூர் முதுமையையும் பொருட்படுத்தாமல் ஆண்டுக்கணக்கில் கட்டுரைகளும் கடிதங்களும் எழுதினார். நாடெங்கும் ஆயிரக்கணக்கானோர் தங்கள் எதிர்ப்பைத் தெரிவித்தனர். எனினும், 1913ஆம் ஆண்டு டிசம்பரில் மேலவையில் 43க்கு 25 என்னும் வாக்கு வேறுபாட்டில் அணைச் சட்டம் நிறைவேறியது. டிசம்பர் 19ஆம் நாள் அதிபர் உட்ரோ வில்சன் அதில் கையெழுத்திட்டார். 1923ஆம் ஆண்டில் அணை கட்டி முடிக்கப்பட்டது. பள்ளத்தாக்கு நீரில் மூழ்கியது. இன்று அந்நீரை 25 இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் பயன்படுத்துகின்றனர்.

அணையை மியூர் காணவில்லை. 1914ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள், தமது 76ஆம் வயதில், நிமோனியாக் காய்ச்சலால் லாஸ் ஏஞ்சல்ஸ் நகர மருத்துவமனையில் அவர் காலமானார். அலாஸ்கா பயணங்களைப் பற்றி அவர் எழுதிக்கொண்டிருந்த நூலின் தாள்கள் அப்போதும் அவர் அருகில் இருந்தன. அவர் சிறுவயதில் வானை மறைக்கக் கண்ட பயணப் புறாக்களின் இனமும் அதே ஆண்டில் முடிந்துபோனது. அதன் கடைசிப் பறவை, அவர் இறப்பதற்கு நான்கு மாதங்களுக்குமுன் சின்சினாட்டி விலங்கியல் தோட்டத்தில் ஒரு கூண்டுக்குள் மடிந்தது.

ஹெட்ச் ஹெட்ச்சியின் இழப்பு வீண்போகவில்லை. பூங்காக்களைக் கவனிக்கத் தனித்துறை இல்லாததை அப்போராட்டம் பலருக்கும் உணர்த்தியது. 1916ஆம் ஆண்டில் தேசியப் பூங்காத் துறை அமைக்கப்பட்டது. வருங்காலத் தலைமுறையினரும் துய்க்கும்வண்ணம் பூங்காக்களைக் கெடாமல் வைத்திருப்பது அதன் கடமையாகச் சட்டத்தில் எழுதப்பட்டது. 1950களில் எக்கோ பார்க் என்னும் இடத்தில், பாதுகாக்கப்பட்ட நிலத்தினுள் மீண்டும் ஓர் அணை கட்டத் திட்டமிட்டபோது, ஹெட்ச் ஹெட்ச்சியை நினைவூட்டியே மக்கள் எதிர்த்தனர். அத்திட்டம் கைவிடப்பட்டது.

மியூர் காணத் தவறியது

மியூரின் பார்வையில் ஒரு குறையும் இருந்தது. யொசெமிட்டியை மனிதக் கை படாத இடமாக அவர் வருணித்தார். உண்மையில், அவர் வருவதற்குமுன் பல நூற்றாண்டுகளாக அங்கு அவானிச்சி என்னும் பழங்குடி மக்கள் வாழ்ந்துவந்தனர். கருவாலிக் கொட்டைகளைச் சேர்த்து உணவாக்குவதும், புதர்களுக்கு அவ்வப்போது சிறுதீ மூட்டிப் புல்வெளிகளைத் திறந்து வைப்பதும் அவர்கள் வழக்கம். மியூர் வியந்த அந்த விரிந்த புல்வெளிகள் அவர்களின் உழைப்பாலும் உருவானவை. 1851ஆம் ஆண்டில் ஆயுதப் படையொன்று பள்ளத்தாக்கில் புகுந்து, அவர்களின் இருப்பிடங்களை எரித்து அவர்களை விரட்டியது. திரும்பி வந்து வாழ்ந்தவர்களும் பூங்கா உருவானபின் படிப்படியாக வெளியேற்றப்பட்டனர்.

மியூர் தம் தொடக்ககால எழுத்துகளில் பழங்குடி மக்களை இழிவாகக் குறிப்பிட்டுள்ளார். பின்னாளில் அலாஸ்காவின் டிலிங்கிட் மக்களோடு பழகியபோது அவரது கருத்தில் மாற்றம் தெரிந்தது. ஆயினும், அவருடைய சொற்கள் ஏற்படுத்திய காயத்தை 2020ஆம் ஆண்டில் சியாரா கழகமே வெளிப்படையாக ஏற்றுக்கொண்டது.

இக்குறை வெறும் சொல்லளவில் நிற்கவில்லை. பழங்குடியினர் மூட்டிய சிறுதீ நின்றுபோனதால் புல்வெளிகளில் ஊசியிலை மரங்கள் நெருக்கமாக வளர்ந்தன. காய்ந்த சருகும் விறகும் தரையில் குவிந்தன. அதனால் காட்டுத்தீ பிடித்தால் அது பெருந்தீயாக மாறும் ஆபத்து கூடியது. இப்போது பூங்காத் துறையினரே கட்டுப்படுத்தப்பட்ட தீயை மூட்டி அதைக் குறைக்க முயல்கின்றனர். நிலத்தைக் காப்பது என்றால் மனிதரை அதிலிருந்து அகற்றுவது என்று பொருளாகாது. அந்நிலத்தை அறிந்து வாழ்ந்த மக்களின் அறிவையும் சேர்த்துக் காப்பதே முழுமையான காப்பு என்பதை இது காட்டுகிறது.

எல்லைக்கு அப்பால்

மியூரின் காலத்தில் பூங்காக்களுக்கு வந்த ஆபத்துகள் கண்ணுக்குத் தெரிந்தவை. கோடரி வந்தது, மந்தை வந்தது, அணை வந்தது. அவற்றை எல்லைக்கோட்டில் நிறுத்திவைக்கச் சட்டத்தால் முடிந்தது. இன்றைய ஆபத்து வேறு வகையானது. உலக வெப்பம் எந்த வாயிற்கதவையும் தட்டிவிட்டு நுழைவதில்லை. 1872ஆம் ஆண்டில் மியூர் அளந்த மெக்லூர் பனியாறு இன்றும் ஏறத்தாழ அதே வேகத்தில் நகர்கிறது. ஆனால், அதன் பரப்பில் பாதிக்கும் மேல் உருகிப்போய்விட்டது. அருகிலுள்ள லயல் பனியாறு நகர்வதையே நிறுத்திவிட்டது. 2020, 2021ஆம் ஆண்டுகளில் சியாரா நெவாடாவில் பரவிய காட்டுத்தீயில், ஆயிரக்கணக்கான செக்கோயாப் பெருமரங்கள் மடிந்தன. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் வாழக்கூடிய மரங்கள் அவை.

இம்மரங்களைக் காக்கப் பூங்கா அதிகாரிகளின் உழைப்பு மட்டும் போதாது. தொலைவில் உள்ள நகரங்களில் மக்கள் எரிபொருளை எவ்வளவு எரிக்கின்றனர், எவ்வளவு வீணாக்குகின்றனர் என்பதும் அம்மலைகளின் எதிர்காலத்தை முடிவு செய்கிறது. இயற்கையில் ஒவ்வொன்றும் மற்ற அனைத்தோடும் பிணைந்துள்ளது என்று மியூர் உணர்ந்திருந்தார். அப்பிணைப்பு பூங்காவின் வேலியோடு முடிந்துவிடவில்லை.

மியூரின் பெயரால் இன்று சியாரா நெவாடாவில் ஏறத்தாழ 340 கிலோமீட்டர் நீளமுள்ள நடைபாதை ஒன்று உள்ளது. அவர் விலைக்குக் கேட்டும் கிடைக்காத விஸ்கான்சின் ஏரிக்கரை, அவரது மறைவுக்குப் பின் அவர் பெயரிலேயே பூங்காவாகப் பாதுகாக்கப்பட்டது. தனி ஒருவரின் வேலி காக்க முடியாததைப் பலரின் விருப்பம் காத்தது. ஆனால், அவ்விருப்பம் ஒருமுறை தோன்றினால் போதாது. ஒவ்வொரு தலைமுறையும் அதைப் புதுப்பிக்கவேண்டும். பொதுநிலம் எல்லாருக்கும் சொந்தம் என்பதில் உரிமை மட்டும் இல்லை. அதைக் காக்கும் கடமையும் எல்லாருக்கும் உண்டு.